கீர்க்ககார்டை எங்கிருந்து தொடங்கிப் படிப்பது

முதுகலைத் தத்துவத்தில் இருத்தலியல் (தனிமனிதனின் இருப்பையும் தேர்வையும் மையமாக்கும் தத்துவம்) தாளை எடுப்பவர்களுக்கும், சார்த்தரையும் காமுவையும் படித்த பிறகு அவர்களுடைய முன்னோடியைத் தேடிச் செல்பவர்களுக்கும், டென்மார்க்கின் தத்துவ அறிஞர் சோரன் கீர்க்ககார்ட் முதலில் ஒரு சுருக்கக் குறிப்பாகவே வந்து சேர்கிறார். அழகியல் நிலை, அறநிலை, சமயநிலை என்று வாழ்க்கையின் மூன்று நிலைகள், ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹெகலுக்கு எதிர்ப்பு, அகநிலையே உண்மை என்ற ஒரு வரி. பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன. பத்து மதிப்பெண் வினாவுக்கு இது போதுமானது. ஆனால் இந்தக் குறிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவருடைய எந்த நூலைத் திறந்தாலும் சில பக்கங்களிலேயே திசை தெரியாமல் நிற்க நேரிடும். அந்த நூல்கள் கொள்கைகளை வரிசைப்படுத்திச் சொல்வதற்காக எழுதப்பட்டவை அல்ல. அவற்றில் பலவற்றில் பேசுபவரும் கீர்க்ககார்ட் அல்ல. அந்தத் தாளை எழுதி முடித்த பிறகும் அவரை விடாமல் படித்து வருகிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் முதலில் சொல்வது இதுதான்: நூலில் என்ன சொல்லப்படுகிறது என்று கேட்பதற்கு முன், யார் சொல்கிறார் என்று கேளுங்கள்.

கீர்க்ககார்ட் 1813இல் கோபன்ஹேகனில் பிறந்து, 1855இல், 42 வயதில், அதே நகரத்தில் இறந்தவர். இன்று தத்துவ வகுப்புகளில் அதிகம் பேசப்படும் அவருடைய நூல்களில் பல, 1843 முதல் 1846 வரையிலான மிகக் குறுகிய காலத்தில் வெளிவந்தவை. ‘இது அல்லது அது’ என்ற பெருநூலை விக்டர் எரெமிட்டா என்பவர் பதிப்பித்ததாக அட்டை சொல்கிறது. ‘அச்சமும் நடுக்கமும்’ யோஹன்னஸ் தெ சிலென்டியோ என்பவர் எழுதியது. ‘பதற்றம் என்னும் கருத்து’ விகிலியுஸ் ஹௌஃப்னியென்சிஸ் என்பவருடையது. இவர்கள் எல்லோரும் கீர்க்ககார்ட் படைத்த ஆட்கள். தம் பெயரை மறைத்துக்கொள்வதற்காக மட்டும் அவர் இவர்களைப் படைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்த குணமும் வாழ்க்கைப் பார்வையும் எல்லைகளும் உண்டு. 1846இல் வெளிவந்த ‘முடிவான அறிவியலற்ற பின்னுரை’யின் இறுதியில் இந்நூல்களுக்கெல்லாம் தாமே பொறுப்பு என்று தம் பெயரில் ஒப்புக்கொள்ளும் அவர், அவற்றிலிருந்து மேற்கோள் காட்டுபவர்கள் தம் பெயரைச் சொல்லாமல் அந்தந்தப் புனைபெயரையே சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார். இந்த வேண்டுகோளை நாம் நேர்மையாக மதிக்க வேண்டும் என்பது என் கருத்து. தேர்வு விடையில்கூட “கீர்க்ககார்ட் கூறுகிறார்” என்று எழுதாமல் “தெ சிலென்டியோ கூறுகிறார்” என்று எழுதிப் பாருங்கள். அடுத்த வாக்கியம் தானாகவே கவனமுள்ளதாக மாறும்.

இப்படி ஏன் எழுதினார் என்பதற்குரிய காரணத்தைத் தெரிந்துகொண்டால் பாதிச் சிரமம் குறையும். அக்கால டென்மார்க்கில் பிறந்தவர் ஏறத்தாழ எல்லோருமே பிறப்பாலேயே கிறிஸ்தவர்கள். ஞானஸ்நானமும் தேவாலயப் பதிவேடும் அந்த வேலையை முடித்துவிட்டன. தாம் ஏற்கெனவே கிறிஸ்தவர் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் விசுவாசத்தைப் பற்றி நேரடியாக எவ்வளவு பேசினாலும், அவர் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார் என்பதைக் கீர்க்ககார்ட் நன்றாக உணர்ந்திருந்தார். 1841இல் அவர் சமர்ப்பித்த ஆய்வேடே சாக்ரடீஸையும் முரண்நகையையும் பற்றியது. விடையைத் தராமல் எதிரில் இருப்பவரையே விடை தேட வைக்கும் அந்த முறையை அவர் நூல்வடிவமாக ஆக்கினார். ‘இது அல்லது அது’வின் முதல் பகுதியில் இன்பத்தையும் சலிப்பையும் பற்றி மயக்கும் மொழியில் எழுதும் ‘ஏ’ என்ற இளைஞனும், இரண்டாம் பகுதியில் திருமணத்துக்கும் கடமைக்கும் ஆதரவாக நீண்ட கடிதங்கள் எழுதும் நீதிபதி வில்லியமும் எதிரெதிரே நிறுத்தப்படுகிறார்கள். யார் வென்றார் என்று பதிப்பாசிரியர் சொல்வதில்லை. தீர்ப்பு வாசகரிடம் விடப்படுகிறது. ஆகவே ஆசிரியரின் முடிவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிக் கோடு போடும் வாசிப்பு இங்கே பயன் தராது.

எனக்குப் பயன்பட்ட வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். குறிப்பேட்டில் ஒவ்வொரு நூலுக்கும் முதல் பக்கத்தை ஒதுக்கி, பேசுபவரின் பெயர், அவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வது, தம்மால் இயலாது என்று அவர் ஒப்புக்கொள்வது ஆகிய மூன்றையும் எழுதி வைப்பேன். மூன்றாவதுதான் மிக முக்கியமானது. ‘அச்சமும் நடுக்கமும்’ நூலில் தெ சிலென்டியோ, ஆபிரகாமை வியக்க முடிகிறதே தவிரப் புரிந்துகொள்ள முடியவில்லை என்றும், அந்த விசுவாசம் தம்மிடம் இல்லை என்றும் வெளிப்படையாகச் சொல்கிறார். அதாவது, விசுவாசத்தைப் பற்றி உலகம் அதிகம் படித்த நூல்களுள் ஒன்று, விசுவாசத்துக்கு வெளியே நிற்கும் ஒருவரின் குரலில் எழுதப்பட்டிருக்கிறது. இதைக் கவனிக்காமல் அந்த நூலைக் கண்மூடித்தனமான பக்திக்கு வக்காலத்து என்று விமர்சிப்பவர்களும் உண்டு, புகழ்பவர்களும் உண்டு; இரு தரப்பினரும் அட்டையில் உள்ள பெயரைப் படிக்கவில்லை.

தொடங்குவதற்கு நான் பரிந்துரைப்பதும் அந்த நூலையே. ஆங்கிலத்தில் ‘ஃபியர் அண்ட் ட்ரெம்ப்ளிங்’ என்ற பெயரில் எளிதாகக் கிடைக்கும், சிறிய நூல். ஆனால் அதைத் திறப்பதற்கு முன், தமிழ் விவிலியத்தில் ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தை இரண்டு முறையாவது படியுங்கள். பத்தொன்பது வசனங்களுக்குள் முடிந்துவிடும் கதை அது. கடவுள் ஆபிரகாமிடம் அவனுடைய மகன் ஈசாக்கை மோரியாவில் பலியிடச் சொல்கிறார். ஆபிரகாம் அதிகாலையில் எழுந்து புறப்படுகிறான். மூன்றாம் நாள் அந்த இடத்தைத் தூரத்தில் காண்கிறான். தகனபலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே என்று ஈசாக்கு கேட்கும் இடத்தைத் தவிர அந்த வழியில் அவர்கள் வேறு என்ன பேசினார்கள் என்று விவிலியம் சொல்வதில்லை. அந்த மௌனத்தில்தான் கீர்க்ககார்ட் தம் நூலை எழுப்புகிறார்.

முன்னுரைக்கு அடுத்து வரும் சிறு பகுதியில் அதே பயணம் நான்கு விதமாக மாற்றிச் சொல்லப்படுகிறது. ஒன்றில் ஆபிரகாம் தன் முகத்தையே கொடூரமாக்கிக்கொண்டு, இது கடவுளின் கட்டளை அல்ல, என் சொந்த விருப்பம் என்று மகனிடம் பொய் சொல்கிறான். மகன் கடவுள்மீது நம்பிக்கை இழப்பதைவிடத் தகப்பனை அரக்கன் என்று நினைப்பது மேல் என்று ஆபிரகாம் கருதுகிறான். மற்றொன்றில் எல்லாம் நல்லபடியாக முடிந்து வீடு திரும்பிய பின்னும், ஆபிரகாமின் கண்களுக்கு மகிழ்ச்சி மறுபடி தென்படுவதேயில்லை. நான்காவதில், கத்தியை உருவும் கணத்தில் தகப்பனின் இடது கை வேதனையில் இறுகுவதை ஈசாக்கு பார்த்துவிடுகிறான். இருவரும் திரும்பி வருகிறார்கள், அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை, ஆனால் ஈசாக்கின் விசுவாசம் போய்விடுகிறது. ஒவ்வொரு வடிவத்தின் முடிவிலும், குழந்தைக்குப் பால் மறக்கடிக்கும் தாயைப் பற்றிச் சில வரிகள் வருகின்றன. முதல் வடிவத்தில் தாய் தன் மார்பைக் கருப்பாக்கிக்கொள்கிறாள். உரையாசிரியர்கள் இந்த வரிகளுக்குப் பல பக்கங்களில் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். வேப்பிலையை அரைத்து மார்பில் தடவிப் பால் மறக்கடித்த வீடுகளில் வளர்ந்த நமக்கு, தாய் அப்படியே இருக்க, கசப்பை மட்டும் குழந்தைக்குக் காட்டுகிறாள் என்பது உடனே விளங்கும். பொய் சொல்லும் ஆபிரகாம் செய்வதும் அதுதான்.

இந்த நான்கு வடிவங்களையும் ஒரே அமர்வில் படித்துவிட்டு நூலை மூடி வைத்துவிடுங்கள். மறுநாள் வரை அடுத்த பகுதிக்குப் போக வேண்டாம். நான்கில் எந்த ஆபிரகாம் உங்களுக்கு இயல்பாகப் புரிகிறான் என்று எழுதி வையுங்கள். அந்த நால்வரும் நமக்குப் புரிகிற மனிதர்கள். விவிலியத்தின் ஆபிரகாம் அவர்களுள் ஒருவனும் அல்லன். இந்த வேறுபாடு மனத்தில் பதிந்த பிறகே நூலின் வாதப் பகுதி பொருள்படும்.

ஆபிரகாமைப் புகழும் உரைக்குப் பிறகு வரும் நீண்ட முன்விளக்கத்தில்தான் இரண்டு வீரர்கள் அறிமுகமாகிறார்கள். ஒருவர் எல்லையற்ற துறவின் வீரர்: மிக நேசிப்பதைக் கைவிட்டு, அந்த வலியிலேயே அமைதி காண்பவர். மற்றவர் விசுவாசத்தின் வீரர்: கைவிட்ட பிறகும், மனிதக் கணக்குக்கு அப்பாற்பட்ட முறையில், இந்த வாழ்க்கையிலேயே அதைத் திரும்பப் பெறுவேன் என்று நம்புபவர். இப்படிப்பட்ட ஒருவரைத் தாம் கண்டதில்லை என்று சொல்லும் தெ சிலென்டியோ, கண்டால் எப்படி இருப்பார் என்று கற்பனை செய்கிறார். அவர் பார்ப்பதற்கு ஒரு வரி வசூலிப்பவரைப் போல இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை உலாவச் செல்கிறார். மாலையில் வீடு திரும்பும்போது, மனைவி காய்கறியோடு ஆட்டுத்தலை வறுத்து வைத்திருப்பாள் என்று மிகுந்த ஆவலோடு நினைத்துக்கொண்டே நடக்கிறார். கையில் காசில்லை, வீட்டில் அப்படி எதுவும் சமைக்கவில்லை என்றாலும் அவர் மாறுவதில்லை. தத்துவ நூலில் ஆட்டுத்தலைக்கு என்ன வேலை என்று கடந்து போய்விட வேண்டாம். துறவியை வெளியிலிருந்தே அடையாளம் காண முடியும், விசுவாசியை அடையாளம் காணவே முடியாது என்ற நூலின் மையக் கருத்து இந்த ஒரு காட்சிக்குள் முழுமையாக இருக்கிறது.

இதன் பிறகு வரும் மூன்று ‘சிக்கல்கள்’தான் தேர்வில் கேட்கப்படுபவை, அறநெறியை ஓர் உயர்ந்த நோக்கத்துக்காக இடைநிறுத்த முடியுமா என்பது அவற்றுள் முதலாவது. இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் ஹெகல் தேவைப்படும். முழு ஹெகலையும் படித்துவிட்டு வருகிறேன் என்று தள்ளிப்போட்டால் கீர்க்ககார்டிடம் வந்து சேரவே மாட்டீர்கள். அறம் என்பது எல்லோருக்கும் பொதுவானது, ஆகவே எல்லோர் முன்னும் எடுத்துச் சொல்லக்கூடியது என்ற அளவுக்குப் பிடித்துக்கொண்டால் தொடக்கத்துக்குப் போதும். மகளைப் பலியிட்ட கிரேக்க மன்னன் அகமெம்னான், மகன்களுக்கு மரண தண்டனை விதித்த பண்டைய ரோமின் தலைவன் புரூட்டஸ் ஆகியோர் நாட்டுக்காகச் செய்தார்கள். நாடு அவர்களைப் புரிந்துகொண்டு அவர்களோடு அழுகிறது. நம் திருவாரூர் மனுநீதிச் சோழனும் இந்த வரிசையில் நிற்பவன். பசுவுக்கு நீதி வழங்க மகன்மீது தேரைச் செலுத்துவதன் காரணத்தை அவன் எல்லோர் முன்னும் சொல்ல முடியும். ஆபிரகாமால் எவரிடமும் சொல்ல முடியாது. மனைவி சாராளிடமும் சொல்லவில்லை, ஈசாக்கிடமும் சொல்லவில்லை.

பெரிய புராணம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் சிறுத்தொண்டர் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். நினைவுக்கு வரட்டும், ஆனால் இரண்டும் ஒன்றே என்று உடனே முடிவுகட்டிவிட வேண்டாம். திருச்செங்காட்டங்குடியில் தாயும் தந்தையும் இணைந்து, ஒருவரை ஒருவர் அறிந்து, அடியாருக்கு அமுது படைக்கும் நெறியின்படி தம் மகன் சீராளனையே அமுதாக்கித் தருகிறார்கள். அந்த நெறி அவர்களுடைய சமூகம் அறிந்த நெறி. ஆபிரகாமுக்கு அப்படி ஒரு நெறியும் இல்லை, துணையும் இல்லை. மேலும், ஈசாக்கின் வழியாகவே உன் சந்ததி விளங்கும் என்று வாக்களித்த அதே கடவுள்தான் அவனைக் கேட்கிறார். எனவே சிறுத்தொண்டரைத் துறவின் வீரர் என்பதா, விசுவாசத்தின் வீரர் என்பதா, அல்லது இந்த இரு வகைக்குள்ளும் அடங்காதவர் என்பதா என்ற கேள்வியை நான் நெடுநாள் வைத்துக்கொண்டிருக்கிறேன். அடங்காதவர் என்பதே இப்போதைய என் எண்ணம். பாடநூலின் எந்த விளக்கத்தையும்விட இந்த ஒப்பீடுதான் தெ சிலென்டியோவின் வாதம் எந்தெந்த இடங்களில் ஊன்றி நிற்கிறது என்பதை எனக்குக் காட்டியது.

மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை, பெங்குவின் வெளியிட்ட அலஸ்டேர் ஹானே மொழிபெயர்ப்பு சரளமாக ஓடும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ஹோவர்ட் ஹாங், எட்னா ஹாங் தம்பதியரின் மொழிபெயர்ப்பு சற்று இறுக்கமானது என்றாலும் அதன் குறிப்புகள் மிகவும் உதவும். வாசிப்பதற்கு முன்னதையும் சந்தேகம் தீர்ப்பதற்குப் பின்னதையும் வைத்துக்கொள்ளலாம். வாழ்க்கை வரலாற்றை அளவோடு தெரிந்துகொள்ளுங்கள். 1840இல் ரெஜினே ஓல்சனோடு நிச்சயதார்த்தம் செய்துகொண்டு, அடுத்த ஆண்டே அதை அவர் முறித்துக்கொண்டதும், உடனே பெர்லினுக்குச் சென்று எழுத்தில் மூழ்கியதும் உண்மைதான். ஈசாக்கைக் கைவிடும் கதையில் அந்தக் காயம் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் ரெஜினேவுக்கு எழுதிய ரகசியக் கடிதமாக வாசித்தால், அந்த நூல் நம்மிடம் கேட்கும் கேள்வியிலிருந்து நாம் தப்பித்துக்கொள்கிறோம்.

அடுத்ததாக ‘மரணத்துக்கு ஏதுவான வியாதி’க்குச் செல்லலாம், 1849இல் ஆன்டி-கிளிமாக்கஸ் என்ற பெயரில் வந்தது. தன்னிலை என்பது தன்னோடு தானே உறவு கொள்ளும் ஓர் உறவு என்று தொடங்கும் அதன் முதல் பக்கத்தில் மோதி நூலையே கைவிட்டவர்கள் ஏராளம். அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு, விளங்காவிட்டாலும் நகர்ந்து, விரக்தியின் வடிவங்களை விவரிக்கும் பகுதிகளுக்குச் சென்றுவிடுங்கள். ஒரு கையோ காலோ கொஞ்சம் பணமோ போனால் உடனே தெரிந்துவிடும், தன்னையே இழப்பது மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடும் என்று அங்கே ஓரிடத்தில் வருகிறது. ஊரில் நல்ல பெயரும், வேலையும், குடும்பமும் உள்ள ஒருவர் எப்படி விரக்தியிலேயே வாழ்ந்து முடிக்க முடியும் என்பதை அந்தப் பக்கங்கள் பொறுமையாகக் காட்டுகின்றன. அவற்றைப் படித்த பின் முதல் பக்கத்துக்குத் திரும்பினால், அந்தக் கடினமான வரையறை பின்னால் வருவனவற்றின் சுருக்கெழுத்தாகத் தெரியும்.

இவற்றுக்கு இடையிடையே, அவர் தம் சொந்தப் பெயரிலேயே வெளியிட்ட சமய உரைகளில் ஒன்றையேனும் படித்துக்கொண்டிருங்கள். வயல்வெளி லீலிப்பூவையும் ஆகாயத்துப் பறவையையும் பற்றி 1849இல் வந்த மூன்று உரைகள் சிறியவை, தெளிவானவை, கிறிஸ்தவரல்லாத வாசகரையும் அரவணைப்பவை. புனைபெயர் நூல்களில் சுற்றிச் சுற்றி வந்த குரல், இங்கே நேராக வாசகரை நோக்கிப் பேசுவதைக் கேட்கலாம். ‘பின்னுரை’யைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அது மிகப் பெரியது. 1844இல் வந்த ‘தத்துவத் துணுக்குகள்’ என்ற சிறுநூலை முதலில் முடித்துவிட்டு, பிறகு அகநிலையே உண்மை என்ற அந்தப் புகழ்பெற்ற அதிகாரத்துக்கு மட்டும் போனாலே போதும். அந்த வரியையும் கீர்க்ககார்ட் தம் பெயரில் சொல்லவில்லை. அது யோஹன்னஸ் கிளிமாக்கஸ் சொன்னது என்று உங்கள் குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.