மார்கழி வார இறுதியில் மாண்டரினைத் தூசு தட்டுதல்

சில ஆண்டுகள் தொடாமல் விட்ட மாண்டரின் சீன மொழியை மீட்டெடுத்து, சீன மொழித் திறனை அளக்கும் எச்எஸ்கே தேர்வின் நான்காம் நிலையை எழுத நினைப்பவர்கள், பெரும்பாலும் பழைய பாடநூலின் முதல் பாடத்திலிருந்தே மீண்டும் தொடங்குகிறார்கள். அது வேண்டாம் என்பது என் கருத்து. கண் கற்றது அவ்வளவு விரைவில் அழிவதில்லை. வாங்கிவந்த மின்விளக்கின் அட்டைப்பெட்டியில் உள்ள சீன எழுத்துகள் பாதிக்கு மேல் புரிந்துவிடுகின்றன. துருப்பிடித்திருப்பவை காதும் நாக்கும்தான். ஆகவே, புதுச்சேரியில் மழை ஓய்ந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வைக்குள் முடங்கிக்கொள்ளத் தோன்றும் மார்கழிச் சனி, ஞாயிறுகளைச் சொற்பட்டியலுக்குச் செலவிடாமல், கேட்பதற்கும் பேசுவதற்கும் ஒதுக்கினேன்.

தேர்வின் அமைப்பும் அதையே கேட்கிறது. ஆறு நிலைகள் கொண்ட எச்எஸ்கே முறையில் நான்காம் நிலைக்கு 1,200 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். கேட்டலில் 45, வாசிப்பில் 40, எழுதுதலில் 15 என மொத்தம் 100 வினாக்கள். 300 மதிப்பெண்ணுக்கு 180 எடுத்தால் தேர்ச்சி. மூன்றாம் நிலை வரை இருமுறை ஒலிக்கும் பதிவு, நான்காம் நிலையில் ஒரே முறைதான் ஒலிக்கும். எனவே வீட்டிலும் மாதிரி வினாத்தாளின் பதிவை நிறுத்தாமல் ஒரு முறை கேட்டு விடைகளைக் குறித்துவிட்டு, அதன் பிறகே உரையைப் பார்த்து, வாக்கியம் வாக்கியமாக வாய்விட்டுத் திரும்பச் சொல்ல வேண்டும். (“யாருகிட்டப் பேசிட்டிருக்கே?” என்று அடுக்களையிலிருந்து அம்மா கேட்பதைப் பொருட்படுத்தக் கூடாது.)

ஒலிப்பில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. சீன ஒலிகளை ஆங்கில எழுத்துகளில் எழுதும் பின்யின் முறையில், அவற்றில் இரண்டாம் எழுத்தால் காட்டப்படுவது, ‘பம்பரம்’ என்பதன் நடுவில் வரும் அதிர்வொலி அன்று; ‘பல்’ என்பதன் முதலில் வரும் நம் பகரமே. அதையே மூச்சைத் தள்ளிச் சொன்னால் வேறு ஒலியாகி, சொல்லும் மாறிவிடும். வாய்க்கு எதிரே ஒரு காகிதத் துண்டைப் பிடித்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்களான நான்கு தொனிகளைத் தனி அசைகளில் பயில்வதைவிட ஈரசைச் சொற்களில் பயில்வது நல்லது. மூன்றாம் தொனி இரண்டு அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் தொனியாக மாறுவது போன்றவை சொல்லுக்குள்தான் பழக்கமாகும்.

பேச ஆள் இல்லையே என்ற கவலைக்குக் கடைத்தெரு போதும். பெரிய மார்க்கெட்டில் அரைக் கிலோ காய் வாங்கினால் சீனக் கணக்கில் அது ஒரு ‘ஜின்’. காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நடந்தபடியே, கண்ணில் படும் பொருள்களை உரிய அளவைச் சொல்லுடன் (எண்ணுக்கும் பொருளின் பெயருக்கும் நடுவில் சீனத்தில் வரும் சொல்) மனத்துக்குள் எண்ணலாம்: கால்சட்டைக்கும் தெருவுக்கும் மீனுக்கும் ‘தியாவ்’, குடைக்கும் நாற்காலிக்கும் ‘பா’, மேசைக்கும் காகிதத்துக்கும் ‘ஜாங்’. எண்களில்தான் நாம் அதிகம் திணறுவோம். நமக்கு ஆயிரத்துக்கு அடுத்த படி லட்சம். அவர்களுக்கோ பத்தாயிரம், அதாவது ‘வான்’. ஞாயிறு நாளிதழின் மனை விளம்பரங்களை இதற்கு நான் பயன்படுத்தினேன். நாற்பது லட்சம் என்றால் நானூறு வான், ஒரு கோடி என்றால் ஆயிரம் வான் எனத் தயங்காமல் வாயில் வரும்வரை விளம்பரங்களை மாற்றி மாற்றிப் படிக்கலாம். வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

எழுதும் பகுதியில் பத்து வினாக்கள் சிதறிய சொற்களை வரிசைப்படுத்துபவை. இங்கே ஆங்கிலம் வழியாக யோசிப்பது பாதி இடங்களில் கெடுக்கும். ‘அம்மா நேற்று வாங்கிய மீன்’ என்பதன் வரிசை மாண்டரினிலும் அப்படியே நிற்கிறது. பெயருக்கு முன் வருவதையெல்லாம் தமிழ்ப் பெயரெச்சம் போலவே அடுக்கலாம். காலமும் இடமும்கூட வினைக்கு முன்பே வருவது வழக்கம். செயப்படுபொருளை மட்டும் பொதுவாக வினைக்குப் பின்னால் தள்ள வேண்டும்.

கையெழுத்து மறந்திருந்தால் கணினிவழித் தேர்வைத் தேர்ந்தெடுங்கள்; பின்யினில் தட்டச்சு செய்து சரியான எழுத்தை அடையாளம் காண்பது, கோடுகளை நினைவிலிருந்து வரைவதைவிட எளிது. சீனப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்காக எழுதுபவர்கள், அதற்கான மதிப்பெண் 2 ஆண்டுகளே செல்லும் என்பதைக் கணக்கில் கொண்டு, விண்ணப்பிக்கும் காலத்தை ஒட்டித் தேர்வு நாளை முடிவு செய்வது நல்லது.