சிஆர்பி 6 என்று வந்தால் இதயத்தில் அடைப்பா?

சர்க்கரை நோயாளிகளின் ரிப்போர்ட்டில் சிஆர்பி (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் புரதம்) கூடினால் உடனே இதயத்தைப் பற்றிய பயம் வந்துவிடுகிறது. முதலில் பார்க்க வேண்டியது அலகை. 0.6 மி.கி./டெசிலிட்டரும் 6 மி.கி./லிட்டரும் ஒன்றுதான். அடுத்து, எந்த சிஆர்பி? தொற்றைக் கண்டுபிடிக்கும் சாதாரண டெஸ்ட் இதய அபாயத்தைக் கணிக்க உதவாது. சிறு அளவுகளையும் துல்லியமாகக் காட்டும் ஹெச்எஸ்-சிஆர்பிதான் வேண்டும்.

லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழே இருந்தால் அபாயம் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். 10-ஐத் தாண்டினால் அதை இதயக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சளி, சிறுநீர்த் தொற்று, ஈறு வீக்கம், ஆறாத கால் புண் ஏதாவது இருக்கிறதா என்று தேடி, அது சரியான பிறகு மறுபடி எடுக்க வேண்டும். இரண்டு வார இடைவெளியில் இருமுறை எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது. வெறும் வயிறு தேவையில்லை. கால் புண்ணைச் சொல்லக் காரணம் உண்டு: உணர்வு மரத்த பாதத்தில் அது வலிக்காமலே இருக்கலாம், ரிப்போர்ட்டில் முதலில் தெரியலாம்.

தொற்றே இல்லாமலும் ஏன் கூடுகிறது? வயிற்றுக் கொழுப்பு இன்டர்லூகின்-6 என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அதன் தூண்டுதலில் கல்லீரல் சிஆர்பியைத் தயாரிக்கிறது. அதனால் உடல் பருமனே எண்ணை ஏற்றிவிடும். எங்கே அழற்சி என்று சிஆர்பி சொல்லாது. அது புகைதான், நெருப்பல்ல. மரபணு ஆய்வுகளும் சிஆர்பியே அடைப்பை உண்டாக்குவதாகக் காட்டவில்லை.

ஆனால் அழற்சி என்ற நெருப்பு நிஜம். 2017-இல் வெளியான கான்டோஸ் ஆய்வில், கெட்ட கொழுப்பைத் தொடாமல் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1பீட்டாவை மட்டும் தடுத்ததிலேயே மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து சுமார் 15 சதவீதம் குறைந்தன. உயிர்பறிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடின. அழற்சியைக் குறைக்கும் இன்னொரு மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டோ சர்க்கரை நோயாளிகளை அதிகம் சேர்த்த ஆய்விலும் பலன் தரவில்லை. எந்த அழற்சி எதிர்ப்பு மருந்தும் உதவும் என்ற கணக்கு அங்கேயே உடைந்தது. கவுட் மூட்டுவலிக்குத் தரும் கால்சிசின் 0.5 மி.கி. சிலருக்குப் பயன்படுகிறது, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது விஷமாகலாம், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்தால் இன்னும் ஆபத்து.

40 வயது தாண்டிய சர்க்கரை நோயாளிகள் பெரும்பாலோருக்குக் கெட்ட கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எப்படியும் தேவை. அதை முடிவு செய்ய சிஆர்பிக்காகக் காத்திருக்க வேண்டாம். எண் 0.8 என்பதற்காக நிறுத்தவும் வேண்டாம். திடீர் மூச்சுத்திணறலோ காரணமில்லாத வியர்வையோ வந்தால், நெஞ்சு வலி இல்லாவிட்டாலும், அப்போது எடுக்க வேண்டியவை ஈசிஜியும், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும்தான்.