என்னோடதா?

“டீச்சர், இது என்னோடதா?”

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். பல்குச்சியால் உள்கன்னத்தை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, ஒரு சொட்டு மெத்திலீன் நீலச் சாயம் விட்டிருந்தோம். வெளிர்நீலத் திட்டுகளாகச் செல்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் அடர்நீலப் புள்ளி, அதுதான் உட்கரு.

“உன்னோடதுதான்” என்றேன்.

நாக்கால் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

போன வருடம் வரை இதே செல்லைக் கரும்பலகையில்தான் வரைந்து காட்டினேன். பிள்ளைகளும் பொரித்த முட்டை மாதிரி ஒன்றை வரைந்து, அம்புக்குறி போட்டு, மதிப்பெண் வாங்கிவிடுவார்கள்.

இந்த வருடம் எங்கள் அரசுப் பள்ளிக்கு ஒரு சின்ன மானியம் கிடைத்தது. விண்ணப்பத்தில் ‘அளவிடக்கூடிய பயன்’ என்று ஒரு கட்டம். ‘தேர்ச்சி விகிதம் உயரும்’ என்று எழுதி வைத்தேன். நாக்கால் கன்னத்தைத் தடவிப் பார்ப்பாள் என்று எழுதவா முடியும்?

மானியக்காரர்களுக்குப் பொருள் வாங்கித் தருவதில் இருக்கும் ஆசை, அதை ஓட வைப்பதில் இருப்பதில்லை. முன்பு ஒரு மானியத்தில் வந்த புரொஜெக்டர், பல்பு போனதிலிருந்து துணி போர்த்திக்கொண்டு தூங்குகிறது. அதனால் இந்த முறை கொஞ்சம் மல்லுக்கட்டி, ஆறு நுண்ணோக்கிகளை ஐந்தாக்கி, மிச்சப் பணத்தில் தகடு, சாயம், உதிரி பல்பு என்று வாங்கிப் பூட்டி வைத்துவிட்டேன்.

மணி அடித்தும் யாரும் எழவில்லை.

“டீச்சர், நாளைக்கு எங்க நாயோடதைக் கொண்டு வரட்டுமா?” என்றான் கடைசி பெஞ்சுக்காரன்.

“சரி, குச்சி பத்திரம்” என்றேன்.