பையின் மேல் இருக்கும் தேதி

கூடலூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் நான் பணியாற்றிய பதினொரு ஆண்டுகளில், இரத்தப் பையை வார்டுக்குக் கொண்டுசென்றபோதெல்லாம் நோயாளியின் உறவினர்கள் முதலில் பார்த்தது இரத்த வகையை அல்ல, எடுத்த தேதியைத்தான். "சார், இது எடுத்து இருபத்தைந்து நாள் ஆயிற்றே, புதிதாக எடுத்தது இல்லையா?" என்று கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மருத்துவ உலகமே அண்மைக்காலம் வரை இதே ஐயத்தில்தான் இருந்தது.

ஐயத்திற்கு அடிப்படையும் உண்டு. பிரித்தெடுத்த சிவப்பணுக்களை எஸ்.ஏ.ஜி.எம். என்னும் காப்புக் கரைசலில் சேர்த்து 2 முதல் 6 டிகிரி வெப்பநிலையில் 42 நாள் வரை வைத்திருக்கலாம். ஆனால் அந்த நாட்களில் அணுக்கள் சும்மா உறங்கிக் கிடப்பதில்லை: ஆற்றல் தரும் ஏ.டி.பி. குறைகிறது, பொட்டாசியம் வெளியே கசிகிறது, அணுவின் உருவம் தட்டு வடிவம் மாறி முள்முள்ளாகிறது, ஆக்சிஜனைத் திசுக்களுக்கு விட்டுக்கொடுக்க உதவும் டி.பி.ஜி. என்ற பொருள் இரண்டு வாரத்திற்குள் ஏறக்குறைய தீர்ந்துபோகிறது. (உடலுக்குள் போனபின் அது ஓரிரு நாட்களில் பெருமளவு மீண்டுவிடும் என்பதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.) 2008இல் அமெரிக்காவில் இதய அறுவை நோயாளிகளின் பழைய பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், எடுத்து 14 நாளுக்கு மேல் ஆன இரத்தம் பெற்றவர்களிடம் இறப்பும் சிக்கல்களும் அதிகம் என்று எழுதியபோது பலரும் கலங்கினர்.

பதிவேட்டைப் பின்னோக்கிப் பார்ப்பது வேறு, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடுவது வேறு. 2015இல் வெளியான ஏபிள் ஆய்வில், தீவிர சிகிச்சையில் இருந்த ஏறத்தாழ 2,400 பேரில் எடுத்துச் சராசரியாக 6 நாள் ஆன இரத்தம் பெற்றவர்களுள் 37 விழுக்காட்டினரும், 22 நாள் ஆன இரத்தம் பெற்றவர்களுள் 35.3 விழுக்காட்டினரும் 90 நாளுக்குள் இறந்தனர்; அதாவது, புதிய இரத்தத்தால் தனி நன்மை தென்படவில்லை. மறு ஆண்டு இன்ஃபார்ம் ஆய்வு இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து அதே முடிவுக்கு வந்தது. பச்சிளங்குழந்தைக்கு முழு இரத்தத்தையும் மாற்றும்போது பொட்டாசியத்திற்கு அஞ்சிப் புதிய பையையே தேடுவோம், அது தனிக்கணக்கு.

என் அனுபவத்தில், தேதியைவிடக் கொடுத்தவர் யார் என்பதே கூடுதலாகப் பேசப்பட வேண்டியது. ஒரு யூனிட் ஏற்றினால் பெரியவர்களுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம் உயரும் என்பது பொதுக்கணக்கு; கொடையாளரிடம் அது 12.5 ஆக இருந்ததா 16 ஆக இருந்ததா என்பதைப் பொறுத்துப் பைக்குள் இருக்கும் சரக்கே மாறுபடுகிறது. ஆண்களின் சிவப்பணுக்கள் சேமிப்பில் சற்று அதிகமாகச் சிதைகின்றன. ஆயினும் 2023இல் வெளியான கனடிய ஆய்வொன்று, பெண் கொடையாளர் இரத்தம் பெற்றவர்களும் ஆண் கொடையாளர் இரத்தம் பெற்றவர்களும் உயிர்பிழைத்ததில் வேறுபாடு காணவில்லை. சிவப்பணுவைச் சிதையாமல் காக்கும் ஜி6பிடி நொதி பிறவியிலேயே குறைந்தவர்கள் நலமாகவே நடமாடுவார்கள், ஆனால் அவர்கள் கொடுத்த அணுக்கள் குளிர்பெட்டியில் எளிதில் தளர்ந்துவிடும்.

எங்கள் மலைக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. இந்தியாவில் அரிவாள் அணு மரபை (சிவப்பணுக்களை அரிவாள் போல வளையச் செய்யும் பரம்பரைக் குறையை) 1952இல் முதன்முதலாகப் பதிவுசெய்தது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். மரபை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர் நோயாளி அல்லர், இரத்தமும் கொடுக்கலாம். ஆனால் அந்த இரத்தம் வெள்ளணுக்களை நீக்கும் வடிகட்டியில் அடைத்துக்கொள்ளக்கூடும், அரிவாள் அணு நோயாளிக்கும் அதை ஏற்றக்கூடாது. அந்நோயாளிகளோ அடிக்கடி இரத்தம் பெறுபவர்கள். ஏ, பி, ஓ வகையோடு நில்லாமல் ஆர்.எச். உட்பிரிவுகள், கெல் என்னும் மற்ற இரத்த வகைகளையும் பொருத்திப் பார்க்காவிட்டால், நாளடைவில் உடலில் அயல் அணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் உருவாகிப் பொருந்தும் பையே கிடைக்காமல் போகும்.

மிச்சமிருப்பது பாதை. "ஊட்டிக் குளிரே குளிர்பெட்டிதானே" என்று கேட்டவர்கள் பலர். பகல் வெயிலில் அந்தக் குளிர் போதாது. உறைபனி விழும் ஜனவரி இரவிலோ அளவு மீறிவிடும், உறைந்த அணு வெடித்துவிடும். ஆகவேதான் ஊட்டியிலிருந்து பைக்காரா, நடுவட்டம் வழியாக வரும் இரத்தப் பெட்டியில் பனிக்கட்டி பைகளைத் தொடாதபடி இடையே அட்டை வைத்து அடுக்குவோம்.

ஒரு ஜூலை மழைநாளில் வார்டிலிருந்து ஒரு பை திரும்பி வந்தது. நோயாளிக்குக் காய்ச்சல் என்று ஏற்றுவதைத் தள்ளிவைத்தவர்கள், அதை மேசைமேல் வைத்துவிட்டு மறந்திருந்தார்கள். நாற்பது நிமிடம் கழித்தே நினைவு வந்தது. வெளியே 30 நிமிடத்தைத் தாண்டிய பையைத் திரும்பக் குளிர்பெட்டியில் வைக்கக்கூடாது என்பது விதி. அழிப்புப் பதிவேட்டில் எழுதுவதற்காகத் தேதியைப் பார்த்தேன். எடுத்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அன்று எங்களிடம் இருந்த பைகளிலேயே புதியது அதுதான்.