உறைபனி பிளந்த படகு எஞ்சின்
குளிர்காலத்திற்கு முன் படகு எஞ்சினிலிருந்து நீரை முழுவதும் வடிக்காமல் விட்டது என் தவறுதான். நீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுவதால், எஞ்சினின் உடற்பகுதியான வார்ப்பிரும்பு பிளாக் விரிசல் விட ஓர் இரவே போதுமானது. ஆயிலில் நீர் கலந்ததன் அடையாளமாக, எஞ்சின் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தது. ஆயினும் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் பழுதானாலும் அந்த நிறம் வரக்கூடும் என்பதால், உடனே தீர்ப்பெழுதாமல், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, நீர்ப்பாதைகளை அடைத்து, உள்ளே காற்றழுத்தம் செலுத்தி, சோப்பு நீர் தடவிப் பார்த்தேன். சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவேயுள்ள பள்ளத்தில் மெல்லிய கோடாகக் குமிழிகள் எழுந்தன. (பிளாக்கின் பக்கவாட்டு மூடிகள் பிதுங்கி எஞ்சினைக் காக்கும் என்று பலர் நம்புகின்றனர்; ஆனால் அவை வார்ப்பு மணலை வெளியேற்ற விடப்பட்ட துளைகளின் மூடிகளேயன்றிப் பாதுகாப்பு வால்வுகள் அல்ல.) வெல்டிங்கின் வெப்பம் விரிசலை நீட்டிவிடும் என்று அஞ்சி, விரிசல் நெடுகத் துளையிட்டு, ஒன்றையொன்று கவ்வும் திருகாணிகளால் தைத்தேன். மீண்டும் காற்றழுத்தம் கொடுத்தபோது குமிழி எழவில்லை.