அலுவலக மெயிலை யார் திறக்கலாம்?

புதிதாகச் சேருபவரிடம் எச்.ஆர். ஒரு கட்டுத் தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் ஒன்று மின்னஞ்சல் விதிகள். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சென்னையில் நடுத்தர நிறுவனங்களுக்கு மெயில் நிர்வாகம் பார்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. அந்தத் தாளில் பெரும்பாலானவை நியாயமானவை. பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதே, வாடிக்கையாளர் விவரங்களைச் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பாதே என்பதையெல்லாம் யார் மறுக்கப்போகிறார்கள்? எனக்கு உறுத்துவது ஒரே வரிதான்: சொந்த உபயோகம் கூடாது, நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் கண்காணிக்கலாம்.

சொந்த விஷயம் அலுவலக மெயிலுக்கு வருவதே பாதி நேரம் நிறுவனத்தின் ஏற்பாட்டால்தான். சம்பளக் கணக்கு திறக்கும்போது வங்கிக்கு இந்த ஐடியைத்தான் கொடுக்கிறார்கள். சம்பளத்தில் பிடித்த வருமான வரிக்கான சான்றிதழ் இதில்தான் வருகிறது. குரூப் இன்சூரன்ஸில் க்ளெய்ம் போட்டால் ஸ்கேன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் இதே இன்பாக்ஸில்தான்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு பெண் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். அன்று மாலையே அவருடைய மேலாளர், கொட்டேஷன்கள் பாக்கி இருக்கின்றன என்று அவர் மெயிலைக் கேட்டார். கேட்டதில் தவறில்லை, வாடிக்கையாளர்கள் பதிலுக்குக் காத்திருந்தார்கள். நிர்வாகம் ஒப்புதல் தந்தது. ஆனால் கொட்டேஷன் மட்டும் என்று தனியாகத் திறக்க அங்கே எந்த ஏற்பாடும் இல்லை, மொத்த இன்பாக்ஸும் திறந்தது. அடுத்த வாரம், அந்தப் பெண் குழந்தைக்காக எடுத்துக்கொண்ட சிகிச்சையைப் பற்றி கேன்டீனில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் எந்த விதியையும் மீறவில்லை. க்ளெய்ம் போட்டது நிறுவனம் எடுத்துக்கொடுத்த பாலிசியில். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

இந்த விஷயத்தில் நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது ருமேனியாவைச் சேர்ந்த பர்புலெஸ்குவின் வழக்கு. புக்கரெஸ்டில் ஒரு நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இருந்தவர். வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல, நிறுவனம் கேட்டுக்கொண்டபடி ஒரு யாஹூ மெசஞ்சர் கணக்குத் தொடங்கினார். 2007 ஜூலையில் அதைக் கண்காணித்த நிறுவனம், அவர் தம் சகோதரருக்கும் மணம் முடிக்கவிருந்த பெண்ணுக்கும் அனுப்பிய செய்திகளை 45 பக்கங்களுக்கு அச்செடுத்து முன்னால் வைத்து, வேலையை விட்டும் நீக்கியது. சொந்த உபயோகத்துக்கு அங்கே தடை இருந்தது, அது அவருக்கும் தெரியும். ருமேனிய நீதிமன்றங்கள் நிறுவனத்தின் பக்கம் நின்றன. 2016-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் முதலில் அப்படியே சொன்னது. 2017 செப்டம்பர் 5 அன்று அதன் பேரமர்வு 11-க்கு 6 என்ற கணக்கில் அதை மாற்றியது. செய்தியின் உள்ளடக்கத்தையே படிப்போம் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டதா, அந்த அளவுக்குப் போக வேண்டிய தேவை இருந்ததா என்பதை உள்நாட்டு நீதிமன்றங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்றது. முதலாளியின் உத்தரவு எதுவானாலும், வேலையிடத்தில் ஒருவரின் தனி வாழ்க்கையைப் பூஜ்யமாக்கிவிட முடியாது என்றும் சொன்னது.

இந்தியாவில் நிலைமை வேறு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதே 2017-இல்தான். ஆனால் 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான காரியங்களுக்கும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்கவும் ஊழியரின் தரவைத் தனியாகச் சம்மதம் கேட்காமலே பயன்படுத்த இடம் கொடுக்கிறது. அதனால்தான் அந்தத் தாளில் என்ன எழுதுகிறோம் என்பது இங்கே இன்னும் முக்கியமாகிறது.

இப்போதிருக்கும் இடத்தில் அதை மாற்றி எழுதவைத்திருக்கிறேன். ஒருவரின் மெயில் வேண்டுமென்றால் காரணத்தை எழுதிக் கேட்க வேண்டும். வாடிக்கையாளர் பெயர், தேதி சொன்னால் அதை மட்டும் தேடி எடுத்துத் தருவோம். இன்சூரன்ஸுக்கும் வங்கிக்கும் சொந்த ஐடிதான். கடைசி நாளில் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள நேரம் உண்டு. போகிறவர் வாடிக்கையாளர் பட்டியலையும் அள்ளிக்கொண்டு போய்விடுவாரே என்று விற்பனைப் பிரிவில் கேட்டார்கள். நியாயமான பயம்தான், அதனால் எச்.ஆர். ஒருவர் பக்கத்தில் உட்காருகிறார்.

ஒன்று மட்டும் பாக்கி. திடீரென்று நீக்கப்படுபவரின் கணக்கை அந்த நிமிடமே முடக்கிவிடுகிறோம், அவருக்குக் கடைசி நாள் என்று ஒன்று கிடைப்பதில்லை. அவருடைய மெயிலை ஒரு மாதம் யாரும் தொடாமல் வைத்திருந்து, அவர் எழுதிக் கேட்டால் அவருடையதை எடுத்துத் தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நிர்வாகம் இன்னும் பதில் சொல்லவில்லை.