ஆடிக் காத்தும் பவுடர் டப்பாவும்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புல இன்னிக்கு, காணாமப் போனவங்களை மோப்பம் பிடிச்சுத் தேடற மீட்பு நாய்ப் பயிற்சி. "பவுடர் எங்கே?"ன்னதுக்குப் புதுசா வந்த தம்பி, "எதுக்குங்ணா, மூஞ்சிக்கா?"ன்னார்.

காத்துக்குங்க தம்பி.

டப்பாவை ஒரு அமுக்கு. தூள் எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மேற்கேயிருந்து வரும். பயிற்சிக்காக ஒளிஞ்சவரோட வாசனை கிழக்கே விசிறியா விரியும். அதனால கிழக்கு ஓரத்துல ஆரம்பிச்சு, வடக்கும் தெற்குமா, காத்துக்குக் குறுக்கே நாயை ஓட்டணும். மேற்கேயிருந்து விட்டா, பத்தடி பக்கத்துல ஆள் படுத்திருந்தாலும் தாண்டிப் போயிரும்.

மரத்துக்குள்ள காத்து சுழலும். டப்பாவை அடிக்கடி அமுக்கோணும்.

வெயில் ஏறினா நாய் வாயால மூச்சு வாங்கும், மோப்பம் குறையும். விடியக்காலையிலயே முடிச்சுக்கறது நல்லது.

நம்ம சீமையில பெரிய பயம் கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறுதான். மோப்பம் கிடைச்ச நாய் கீழ பார்க்காது. அவிழ்த்து விடறதுக்கு முன்னாடியே தோட்டத்துக்காரரைக் கூட்டிட்டுப் போய் எல்லாக் கிணத்தைச் சுத்தியும் ரிப்பன் கட்டிருங்க. கட்டின பிறகும், கிணத்தோரம் கயிறு கையில இருக்கோணும்.

நிஜத் தேடல்ல ஆள் கிடைக்கலையா? கிளம்பறதுக்கு முன்னாடி நம்மாளு ஒருத்தரை ஒளிச்சு வெச்சு, நாயைக் கண்டுபிடிக்க விட்டு, பரிசா பந்தைக் குடுங்க. வெறுங்கையோட வண்டியேத்தினா அடுத்த தடவை அதுக்குத் தேடற ஆர்வம் குறைஞ்சுரும்.